ஸ்டாப்வாட்ச் அம்மாவோடு 18 ஹோல்

கோல்ஃப் கிளப்பின் முன்வாசல் பூட்டிக் கிடக்கிறது. இருக்கட்டும், நாம் போகப்போவது பின்வாசல் வழியாக. சமையற்கட்டைத் தாண்டி, காலி சோடா கிரேட்டுகளைத் தாண்டி, இதோ இந்தச் சின்ன அறை. கதவில் 'போட்டிக் குழுவினர் மட்டும்' என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். தயங்காமல் தள்ளுங்கள், இன்றைக்கு நமக்கு அனுமதி உண்டு! மணி காலை நாலே முக்கால். வெளியே சென்னை இன்னும் புரண்டுகூடப் படுக்கவில்லை. உள்ளே ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அறையைப் பாருங்களேன். மேசை முழுக்க வாக்கி டாக்கிகள் சார்ஜில் மினுக்கிக்கொண்டிருக்கின்றன. கயிறு கட்டிய ஸ்டாப்வாட்சுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்க, ஓர் இளைஞர் பொறுமையாகச் சிக்கெடுக்கிறார். அட்டை மடங்கிய விதிப்புத்தகங்கள், பாதி தீர்ந்த ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்கள், எவர்சில்வர் டிபன் கேரியரில் இட்லி, நேற்றைய வியர்வை காய்வதற்காக மின்விசிறிக்கு நேரே மாட்டிய தொப்பி. டி.வி.யில் பார்க்கிற கோல்ஃபில் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அந்தத் துடைப்பத்தைப் பிடிக்கிற கைகள் இங்கேதான் இருக்கின்றன.

நடுவில் நிற்கிறவர்தான் தலைமை ரெஃப்ரி. ஐம்பதைத் தாண்டியவர். வெயிலில் நன்றாகக் கறுத்த கைகள், ஆனால் இடது புறங்கையும் விரல்களும் மட்டும் வெளுப்பு. வருஷக்கணக்காக ஒற்றைக் கையுறை மாட்டி ஆடியவருக்கு அப்படித்தான் இருக்குமாம். மட்டைப் பை தூக்குகிற கேடிப் பையன்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்டாப்வாட்ச் அம்மா'. முகத்துக்கு நேரே சொல்லிவிட மாட்டார்கள். அவருக்குத் தெரியும், உள்ளூர ரசிக்கவும் செய்கிறார்.

இது அமெச்சூர் போட்டி. பரிசுப்பணத்தை நம்பி ஆடாதவர்கள். பிளஸ் டூ பையன்கள், கல்லூரி மாணவர்கள், லீவு போட்டுவிட்டு வந்த இன்ஜினீயர்கள், ஒரு பல் டாக்டர். மொத்தம் 78 பேர், மூன்று மூன்று பேராக 26 குழு. இத்தனை பேரும் உச்சி வெயில் உயிரை எடுப்பதற்குள் 18 ஹோலையும் முடித்தாக வேண்டும். கோல்ஃப் என்றாலே எல்லோரும் அலுத்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு, மெத்தனம். அந்த மெத்தனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களின் பின்னாலேயே நாள் முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

அம்மா வெள்ளைப் பலகையில் கணக்குப் போடுகிறார். முதல் ஹோலிலிருந்து 13 குழு, பத்தாவது ஹோலிலிருந்து 13 குழு, பத்து நிமிஷத்துக்கு ஒன்று. முதல் குழு 6:30, கடைசிக் குழு 8:30. மூன்று அடியில் முடிக்க வேண்டிய பார் 3 ஹோலுக்கு 12 நிமிஷம், பார் 4-க்கு 15, பார் 5-க்கு 18. கூட்டினால் ஒன்பது ஹோலுக்கு இரண்டேகால் மணி, பதினெட்டுக்கு நாலரை மணி.

"இப்ப கவனிங்க. பத்தாவதுல கிளம்பின முதல் குழு ஒன்பது ஹோல முடிச்சுட்டு 8:45-க்கு இந்தப் பக்கம் முதல் ஹோலுக்கு வரும். இங்க கடைசிக் குழு 8:30-க்குப் போயிருக்கும். நடுவுல பதினைஞ்சு நிமிஷம். என் கையில இருக்கற மொத்தச் சொத்தும் அதுதான்" என்கிறார். "எல்லாரும் ஆடற பசங்களைத் திட்டுவாங்க. பாதி தாமதத்தை நாங்கதாங்க முந்தின நாள் ராத்திரி இதே மேசையில உக்காந்து தயார் பண்றோம்."

அவர் சொன்ன இந்த ஒரு வரியை மனசில் முடிந்துகொண்டேன். நீங்களும் முடிந்துவையுங்கள், நாள் முழுக்க இது வேலைக்கு ஆகும்.

5:15. கோல்ஃப் வண்டியின் பின் இருக்கையில் தொற்றிக்கொள்ளுங்கள், பனி ஈரத்தில் கம்பி வழுக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் பதினாலாவது கிரீன், அதாவது குழி இருக்கிற புல்தரை. மைதானப் பணியாளர்களின் மேஸ்திரி முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் இரண்டு பிடி வைத்த ஒரு எஃகு உருளை. புல்லில் அதை வைத்து இடமும் வலமும் திருகித் திருகி இறக்குகிறார், 'கரக்' என்று சத்தம், தூக்கினால் புல்லோடு ஒரு மண் உருளை அப்படியே வெளியே வருகிறது! கோல்ஃப் குழியின் விட்டம் உலகம் பூராவும் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். புதுக் குழியில் வந்த மண்ணைக் கொண்டுபோய் நேற்றைய பழைய குழியில் செருகி, பாதத்தால் மெல்ல மிதித்து, பாட்டில் தண்ணீரை ஒரு வாய் ஊற்றுகிறார். இரண்டு நிமிஷம் கழித்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த ஹோலில்தான் நேற்று மாலை ஒரு வழக்கு நடந்திருக்கிறது. மேஸ்திரிக்குக் கொடியைச் சரிவுக்கு அருகில் நட ஆசை. "டோர்னமென்ட்னா கொஞ்சம் காரம் வேணாமா மேடம்?"

"காரத்தப் பதினெட்டாவதுல போடுங்கண்ணே. இங்க போட்டா, பின்னாடி மூணு குழு பசியோட நிக்கும்."

காரணம் இருக்கிறது. பதினாலாவது ஒரு பார் 3. பார் 4 ஹோலில் முன்னால் போனவர்கள் இரண்டாவது அடி அடித்து நகர்ந்ததும் பின்னால் நிற்கிறவர்கள் ஆரம்பிக்கலாம், ஆக ஒரே ஹோலில் இரண்டு குழு இருக்க இடமுண்டு. பார் 5-இல் மூன்று குழுகூட அடங்கும். பார் 3-இல் அந்தப் பேச்சே கிடையாது. முன்குழு பந்தைக் குழியில் போட்டு, கொடியை நட்டு, கிரீனை விட்டு இறங்கும்வரை பின்குழு கைகட்டி நிற்க வேண்டியதுதான். அங்கே கொடியைச் சரிவில் நட்டால், ஆடிக்காற்றும் சேர்ந்துகொள்ள, குழியை நோக்கி உருட்டுகிற புட் இரண்டில் முடிய வேண்டியது நாலாகும். மூன்று பேருக்கும் அப்படி ஆனால்? மேஸ்திரி தலையாட்டிவிட்டு, சமதளத்தில் வைத்த பெயின்ட் புள்ளியிலேயே உருளையை இறக்கியிருக்கிறார். மனசு மட்டும் இன்னும் ஆறவில்லை. போகிற போக்கில் சரிவைத் திரும்பிப் பார்த்து, "நல்ல எடம்" என்று ஒரு பெருமூச்சு.

முதல் டீ, முதல் அடி அடிக்கிற இடம். இங்கே ராஜ்ஜியம், குழுக்களை அனுப்பிவைக்கிற ஸ்டார்ட்டருடையது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மைக் தேவைப்படாத குரல். அவருடைய மேசையடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் எட்டிப் பார்த்துவிடுவோம். சீவிய குட்டிப் பென்சில்கள், மரத்தால் செய்த டீ குச்சிகள், பேண்டேஜ், ஊக்கு, சன்ஸ்கிரீன், ஒரு ஜோடி ஷூ லேஸ், பழைய ஒரு ரூபாய்க் காசுகள். காசு, கிரீனில் பந்து கிடந்த இடத்தை அடையாளம் வைக்க. "பையனுங்க எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மறந்துட்டு வருவாங்க. எதுன்னுதான் தெரியாது" என்கிறார்.

அதோ வருகிறான் பாருங்கள், மஞ்சள் தொப்பி! பதினேழு வயசு இருக்கும். 7:10 குழு. மணி 7:08. ஓட்டமும் நடையுமாக வருகிறான், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு கேடி ஓடிவருகிறார். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிஷத்துக்குள் தாமதமாக வந்தால் இரண்டு அடி தண்டம், அதற்கும் மேலே போனால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். ஸ்டார்ட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கூடைக்குள் கைவிட்டு ஒரு பென்சிலும் இரண்டு டீ குச்சியும் எடுத்து நீட்டினார். "மூச்சு விடுப்பா. இன்னும் ரெண்டு நிமிஷம் உன்னுதுதான்." அந்த ஒரு நொடியில் பையனின் தோள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே!

மூவரும் தங்கள் பந்தின் அடையாளத்தைக் காட்டிக்கொள்கிறார்கள். மஞ்சள் தொப்பியின் பந்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. கல்லூரிக்காரர் பந்தில் ஒரு பச்சைக் கோடு. மூன்றாமவர் நாற்பதுகளில் இருக்கிற இன்ஜினீயர், மகள் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். ஸ்டார்ட்டரின் வழக்கமான மந்திரம்: "நாற்பது செகண்டுக்குள்ள அடிங்க. யார் ரெடியோ அவங்க முதல்ல அடிக்கலாம், ஆபத்தில்லாம பாத்துக்கங்க. போயிட்டு வாங்க."

யார் பந்து குழிக்குத் தொலைவில் இருக்கிறதோ அவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்பது காலங்காலமான வழக்கம். 2019-இல் விதிப்புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது, மொத்த அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் பிளேயில் தயாராக இருப்பவர் முந்திக்கொள்ளலாம் என்று எழுத்திலேயே ஊக்கம் கொடுத்துவிட்டார்கள். ஓர் அடிக்கு 40 வினாடிக்கு மேல் வேண்டாம் என்ற பரிந்துரையும் அப்போது வந்ததுதான்.

வண்டியில் போகும்போது அம்மா ஸ்டாப்வாட்சை என் கையில் வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டு நாப்பது எண்ணுங்க." நீங்களும் செய்து பாருங்கள். அப்பப்பா, எவ்வளவு நீளம்! ஒரு முடிவெடுத்து, அதை மாற்றி, மறுபடி பழைய முடிவுக்கே வந்துவிடலாம். அடுத்து ஒரு கணக்கு சொன்னார். மூன்று பேரும் தலைக்கு 74 அடி அடித்தால் 222 அடி. ஒவ்வொன்றுக்கும் முழுசாக 40 வினாடி எடுத்தாலும் இரண்டரை மணிக்கு இரண்டு நிமிஷம் குறைவு. மிச்சம் இரண்டு மணி நேரம்? நடை, தேடல், காத்திருப்பு. "அடிக்கற நேரத்துல யாரும் பெரிசா திருடறதில்ல. நடுவுலதான் ஒழுகும்" என்றார்.

ஒழுகும் இடத்தைப் பார்க்க வேண்டாமா? ஐந்தாவது ஹோலின் வலப்பக்கம் வாருங்கள், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் பை தூக்கியவர், இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்கிற வேலை. ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் சிவப்பு. கேடியாக இருந்து பெரிய ஆட்டக்காரர் ஆனவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முகமே மாறிவிடுகிறது. பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபன் ஜெயித்த கதையை, கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொல்கிறார்.

அவருடைய வித்தையைக் கேட்டு வாங்கினேன். "பந்து பறக்கறதைப் பாத்து வாயைப் பொளக்கக் கூடாதுங்க. எங்க விழுதுன்னு பாக்கணும். விழுந்ததும் பின்னாடி ஒரு மரத்தைக் கணக்கு வெச்சுக்கணும். ஆளு வர்ற வரைக்கும் கண்ணை எடுக்கப்படாது, ஈ மொய்ச்சாலும்."

மஞ்சள் தொப்பி அடித்தான். பந்து உயரே போனது, காற்று வலப்பக்கம் தள்ளியது, கிளையில் 'டக்'கென்று பட்டது, அவ்வளவுதான். பெரியவரின் கண் தரையில் ஓர் இடத்தில் நிலைகுத்தி நிற்க, கை தானாகச் சிவப்புக் கொடியைத் தூக்கியது. கிடைக்காமல் போகலாம், இன்னொரு பந்தை அடித்துவைத்துவிட்டு வா என்று அர்த்தம். பையன் தற்காலிகப் பந்தையும் அடித்துவிட்டு வந்தான். இதைச் செய்யாமல் வந்து, தேடி, கிடைக்காமல், திரும்ப டீ வரை நடந்துபோய் அடிப்பது இருக்கிறதே, அதுதான் ஒரு நாளையே கவிழ்க்கும்.

தேடல் தொடங்கியதும் அம்மாவின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. மூன்று நிமிஷம். முன்பெல்லாம் ஐந்து, அதையும் 2019-இல்தான் குறைத்தார்கள். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: தேடுகிற ஆறு பேரில் நாலு பேர் எதிராளிகளும் அவர்களுடைய கேடிகளும்! இன்ஜினீயர் வெள்ளைப் பேண்ட் அழுக்காவதைப் பார்க்காமல் முட்டி போட்டுப் புதருக்குள் கைவிடுகிறார். கல்லூரிக்காரர் சருகைக் காலால் கிளறுகிறார். இந்தப் பந்து கிடைக்காவிட்டால் லாபம் அவர்களுக்குத்தான். ஆனாலும் தேடுகிறார்கள், சொந்தப் பந்தைத் தொலைத்தவர்கள் போலத் தேடுகிறார்கள்.

"டைம் முடிஞ்சது" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல்.

இருபது வினாடி கழித்து, காய்ந்த பனை மட்டை ஒன்றைத் தூக்கிய இன்ஜினீயர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு சிவப்புப் புள்ளி. யாரும் பேசவில்லை. பையன் வந்து பந்தை எடுத்தான், பேண்டில் துடைத்தான், பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போட்டான். "தேங்க்ஸ் அங்கிள்." தற்காலிகப் பந்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கொடியைச் சுருட்டுகிறார், விரிக்கிறார். "கிளையில படாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்று யாரும் கேட்காமலே சொல்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் பின்னால் டீயில் மூன்று பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் பின்னால் இன்னும் இருபத்தோரு பேர் வரிசையாக வரப்போகிறார்கள். மூன்று நிமிஷம் என்பது சரிதான் என்று அங்கே நின்றபோது எனக்குப் பட்டது.

ஆறாவது ஹோலை அவர்கள் முடித்தபோது 8:47. அட்டவணைப்படி 8:40. ஏழு நிமிஷத் தாமதத்தைக்கூட அம்மா மன்னிப்பார், முன்னால் ஏழாவது ஹோல் காலியாகக் கிடப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முன்குழு எட்டாவதுக்கே போய்விட்டது. வண்டியை விட்டு இறங்கி, அவர்கள் பக்கத்தில் நடந்தபடியே, வீட்டு விஷயம் பேசுகிற தொனியில் சொன்னார். "முன்னாடி போனவங்களை விட்டுட்டீங்க. இப்பலேர்ந்து டைமிங். சரியா?" இன்ஜினீயர் "சாரி மேடம்" என்றார். மஞ்சள் தொப்பியின் காது சிவந்தது.

வாருங்கள், வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். ஏழாவது, பார் 3. அம்மாவின் நோட்டில் மூன்று கட்டம்: 'மஞ்சள்', 'நீலச் சட்டை', 'கண்ணாடி'. முதலில் மஞ்சள். புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டான். ஆடிக்காற்று ஒரு நிலையில் நிற்கிறதா? ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தான், வைத்தான், ஆறை எடுத்தான். கேடி காதில் ஏதோ சொல்கிறார். ஸ்டாப்வாட்சில் 35. பந்துக்குப் பின்னால் போய் நின்றான். 40. ஐயோ! நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன், அங்கே ஒன்றுமே தெரியவில்லை. 44. ஒரு மூச்சு. 47-இல் அடித்தான். கிரீனில் விழுந்தது.

அம்மா '47' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டார். "பார் 3 டீயில முதல்ல அடிக்கறவங்களுக்குப் பத்து செகண்டு கூட உண்டு. அம்பது வரைக்கும் போகலாம்." எனக்குப் போன உயிர் வந்தது! கிரீனை நோக்கி அடிக்கிற அடியானாலும், கிரீனில் புட் ஆனாலும் முதல் ஆளுக்கு அந்தச் சலுகை உண்டாம், மற்றவர்கள் அடிக்கும்போது யோசிக்க இரண்டாமவருக்கு நேரம் கிடைக்கும், முதல் ஆளுக்குக் கிடைக்காதல்லவா? மீறினால் ஓர் அடி, மறுபடி மீறினால் இன்னும் இரண்டு, மூன்றாவது தடவை வீட்டுக்கு.

அடுத்த இரண்டு ஹோலில் அந்தக் குழுவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். யாருமே ஓடவில்லை, அடியையும் அவசரப்படுத்தவில்லை. கேடிகள் பைகளைக் கிரீனுக்கு முன்னால் போடாமல், அடுத்த டீக்குப் போகும் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். கையுறையை நடந்துகொண்டே மாட்டினார்கள். ஸ்கோரைக் கிரீனில் நின்று எழுதாமல் அடுத்த டீயில் எழுதினார்கள். இன்ஜினீயர், "நீ அடிப்பா, நான் இன்னும் கண்ணாடி துடைக்கல" என்று பையனை முன்னால் விட்டார். நோட்டில் 26, 31, 22. ஒன்பதாவது கிரீனில் முன்குழுவின் முதுகு தெரிந்தது. அம்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், டைமிங் முடிந்தது.

வண்டிப் பாதையோரம் பையனின் அப்பா நிற்கிறார். கிட்டே வரக் கூடாது, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தண்ணீர் பாட்டிலை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார், குடி என்று. அம்மாக்காரர், காற்றில் குடை படபடக்கிற சத்தம் மகனைக் கலைக்குமோ என்று வெயிலிலேயே குடையை மடக்கி வைத்திருக்கிறார்.

ஹாஃப்வே ஹட்டில் பிரெட் ஆம்லெட் வாசனை. ரெஃப்ரிகளுக்கு நின்றுகொண்டே தேநீர். "இப்படி டைமிங்குல தண்டம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். அம்மா நேரே பதில் சொல்லவில்லை. குவான் தியன்லாங் கதையைச் சொன்னார். சீனத்துப் பையன். 2012-இல் ஆசிய பசிஃபிக் அமெச்சூர் பட்டம் வென்று, 2013 மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போனபோது வயது 14. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக இளையவன். இரண்டாம் நாள் காற்று சுழற்றியடிக்க, மட்டையைத் தேர்ந்தெடுக்கத் தயங்கித் தயங்கி நேரம் போனது. பதினேழாவது ஹோலில் ரெஃப்ரி ஜான் பாரமோர் வந்து ஓர் அடி தண்டம் சொன்னார். அந்த ஓர் அடியால் பையன் வெளியேறிவிடுவானோ என்று உலகமே நகம் கடித்தது. தப்பித்தான், கடைசி நாள் வரை ஆடினான், அந்த வருஷம் அப்படி ஆடிய ஒரே அமெச்சூர் அவன்தான். தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

"அந்த ரெஃப்ரிக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமான்னு அடிக்கடி நினைப்பேன்" என்றார் அம்மா. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினாலாவதுக்கு வாருங்கள், சீக்கிரம்! காலையில் ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்த அதே பார் 3. இப்போது, பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வண்டிகள் பரனூர் டோல்கேட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். கிரீனில் ஒரு குழு, டீயில் ஒரு குழு, மரத்தடியில் இன்னொரு குழு. குளத்தோரம் ஒரு பந்து விழுந்து, அது எந்த இடத்தில் கரையைத் தாண்டியது என்ற குழப்பத்தில் ஐந்து நிமிஷம் போயிருக்கிறது.

பொதுஜனம் ஒருநாளும் பார்க்காத கோல்ஃப் இந்த மரத்தடியில்தான் இருக்கிறது. ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பையின்மேல் தலைசாய்த்துவிட்டார். இரண்டு பேர் எலுமிச்சை ஜூஸில் யார் எவ்வளவு உப்பு போடுவது என்று வாதம். சட்டைகளில் உப்புக் கோடு காய்ந்திருக்கிறது. பல் டாக்டர், வாயைப் பிடித்துக்கொண்டு நின்ற கேடிப் பையனை உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்க்கிறார். "கடவாப் பல்லுடா. திங்கக்கிழமை க்ளினிக்குக்கு வந்துடு. காசைப் பத்திப் பேசாதே." ஒரு மணி நேரம் முன்னால் இரண்டடி புட்டைத் தவறவிட்டு மட்டையை முறைத்தவர் இவர்தானா!

அம்மா குளத்தோரம் போனார், இரண்டு கேள்வி கேட்டார், பந்து கடந்த இடத்தைக் கையால் காட்டினார், ஒரு நிமிஷத்துக்குள் பஞ்சாயத்து முடிந்தது. பிறகு கிரீனில் இருந்தவர்களிடம், பந்துகளுக்குக் காசு வைத்து அடையாளம் செய்துவிட்டு ஓரமாக ஒதுங்கச் சொன்னார். டீயில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையசைத்தார், அடிங்க! பின்குழு மூன்று பந்தையும் அடித்துவிட்டு நடந்து வருவதற்குள் முன்குழு புட் செய்து முடித்தது. அடைப்பு எடுத்தாயிற்று. கொடி சமதளத்தில் இருந்ததால் எல்லோரும் இரண்டே புட்டில் இறங்கினார்கள். காலையில் மேஸ்திரி பார்த்துப் பெருமூச்சுவிட்ட சரிவில் ஒரு மைனா மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"கடற்காத்து உள்ள வந்துச்சுன்னா திசை மாறிடும். அப்புறம் ஒவ்வொருத்தரும் மறுபடி முதல்லேர்ந்து யோசிப்பாங்க" என்று அம்மா கிழக்கே பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்குள் கடைசிக் குழு இங்கே தாண்ட வேண்டும். தாண்டியது, மயிரிழையில்.

ஸ்கோர் சரிபார்க்கிற வராந்தா. மேசைக்கு இந்தப் பக்கம் ஆடியவர், அந்தப் பக்கம் இரண்டு தன்னார்வலர்கள், ஒவ்வொரு ஹோலாக வாய்விட்டுப் படிக்கிறார்கள். மஞ்சள் தொப்பி விரல் வைத்துக்கொண்டே வந்து ஐந்தாவது ஹோலின் 7-இல் நிறுத்தினான். ஆமாம் என்று தலையசைத்தான். மொத்தம் 79. கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நின்ற இன்ஜினீயர், "ஏழாவதுல அந்த ஆறாம் நம்பர் அடி இருக்கே, இன்னிக்கு நான் பாத்ததுல அதான் ஒண்ணாம் நம்பர்" என்றார். பையன் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

கடைசிக் குழு உள்ளே வந்தபோது 1:14. கணக்குப்படி ஒரு மணி. பதினாலு நிமிஷம்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்கோ அந்தப் பதினாலும் உறுத்துகிறது. நின்ற இடத்திலேயே நாளைய அட்டவணையை விரித்து, வியர்வை சொட்டுகிற மூக்கைத் துடைத்துக்கொண்டு, 7:30-க்கும் 7:50-க்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார். 7:40-இல் யாரும் கிடையாது. காலையில் பத்து நிமிஷத்தைக் காலியாக விட்டால், பகலில் பதினாலாவதில் சேர்கிற கூட்டம் அந்த ஓட்டையில் கரைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"கடைசிக் குழு 8:40 ஆயிடுமே மேடம். 8:45-க்கு அந்தப் பக்கத்து ஆளுங்க வந்துருவாங்க. அஞ்சே நிமிஷம்தான்" என்று ஸ்டாப்வாட்ச் சிக்கெடுத்த இளைஞர் பதறினார்.

"அஞ்சு போதும். பதினாலாவது அடைக்கலைன்னா மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஸ்டார்ட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக் காகிதத்தைப் பார்த்தார். "7:40-க்கு யார் பேரைக் கூப்பிடறது?"

"யாரையும் கூப்பிட வேண்டாம் சார்."

"பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருக்கணுமா? நானா?" என்றார் அவர். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும், ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் உட்பட, வெடித்துச் சிரித்தார்கள். "சரி விடுங்க, பென்சில் சீவறேன்."